மாமனிடம் யாரும் சொல்ல வேண்டாம்

பனிக்கட்டி உடைந்தது. நரையன் தண்ணீருக்குள் போனது. திரை கறுத்துவிட்டது. அதோடு முதல் பாகம் முடிந்தது. நரையன் செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் நானும் மாமனும் இரண்டு வருடம் இருந்தோம்.

நரையன் வீட்டில் வளர்ந்த நாய் இல்லை. வீடியோ கேமில் வருகிற நாய். சாம்பல் நிறம். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. மாமனுக்கு அது வாயில் நுழையவில்லை. நரையன் என்று அவர் வைத்ததுதான் எங்களுக்குப் பெயர்.

மாமன் அம்மாவின் தம்பி. அப்பா கத்தாரில் ஒரு அரபியின் போட்டில் வேலை பார்த்தார். அதனால் மாமன் எங்களோடுதான் இருந்தார். குளச்சலில் இருந்து தங்கல் போட்டுக்குப் போவார். காலையில் போய் மாலையில் வருகிற போட்டு இல்லை அது. போனால் கடலிலேயே கிடந்து, மீன் நிறைந்த பிறகுதான் வருவார்கள். வரும்போது மாமனுக்குத் தாடி வளர்ந்திருக்கும். குளிப்பார், ஒரு நாள் முழுக்கத் தூங்குவார், எழுந்ததும் கேமில் உட்கார்ந்துவிடுவார்.

கேம் பெட்டி வளைகுடாவில் இருந்து வந்த ஒருவரிடம் வாங்கியது. கையில் பிடிக்கிற ரிமோட்டில் ஒரு குமிழ் ஆடும். அதற்கு மாமன் வலைநூல் சுற்றி வைத்திருந்தார். நடக்கிறதும் சண்டை போடுகிறதும் அவர். கீழே ஓடுகிற எழுத்தை வாசிக்கிறது நான். நான் ஆறாம் வகுப்பு. மாமன் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். இரண்டு பேருக்கும் சேர்த்து இவ்வளவு விளங்கியது: ஒரு தாடிக்காரன், காணாமல் போன தம்பியைத் தேடிப் பனியில் நடக்கிறான், கூட ஒரு நாய். மீதிக் கதையை நாங்களே வைத்துக்கொண்டோம். அண்ணனும் தம்பியும் ஏன் பிரிந்தார்கள் என்று எங்களுக்குள் தகராறு. பங்கு பிரித்ததில் சண்டை என்பார் மாமன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுச் சண்டை என்பேன் நான்.

நரையன் தண்ணீருக்குள் போன அன்று நான் அழுதேன். மாமன் என்னைத் தேற்றினார். அவருக்கு ஐஸ் தெரிந்த பொருள். போட்டின் அடியறையில் நொறுக்கின ஐஸைக் கொட்டி, அதில்தான் மீனை வைப்பார்கள்.

"ஐஸுல கெடந்த மீனு பத்து நாளு கழிஞ்சாலும் கண்ணு மின்னும் மக்கா. நாயிக்கு ஒண்ணும் ஆவாது."

"மீனு செத்ததுல்லா மாமா."

"செத்ததுதான்" என்றார்.

இரண்டாம் பாகம் வரும் என்றார்கள். வரவில்லை. தள்ளி வைத்தார்கள். மறுபடியும் தள்ளி வைத்தார்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் மாமன் பெயர் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் நாள் குறித்து வந்தபோது, அந்த நாளுக்கு முன்னாலேயே அவர் போட்டில் ஏற வேண்டியிருந்தது. போட்டு யாருக்காகவும் நிற்காது. ஒரு நாய்க்காக நிற்குமா.

கிளம்புகிற அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் வராம அதப் போடப்பிடாது."

"போடல்ல."

"கவரையும் பாக்கப்பிடாது. பின்னால படம் போட்டிருப்பான். அதுல தெரிஞ்சிரும்."

"பாக்கல்ல."

"பள்ளிக்கூடத்துல எவனாவது கதை பறய வந்தா காதப் பொத்திக்க. எனக்குப் பயமில்ல, கேட்டியா. நடுக்கடல்ல வந்து ஆரு பறயப்போறா?"

அவர் போனார். சில நாளில் கேம் வந்தது. நாகர்கோவிலில் கோட்டாறு சந்தைக்குப் போன அம்மா அந்தக் கடையில் இருந்து வாங்கி வந்தாள். பேப்பரில் சுற்றிக் கொடுத்ததை பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குள் வரும்போதே, "ஏட்டி, இதுல ஒரு நா…" என்று ஆரம்பித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, மாதா ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னேன். காதை மட்டும் பொத்தினால் பாதி கேட்கும். வாயும் சத்தம் போட்டால்தான் முழுக்க அடைக்கும். ஜெபம் ஒன்றுதான் எனக்கு யோசிக்காமல் வருகிறது. கண்ணைத் திறந்தபோது அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிஸ்கை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தோம். அம்மா அரிசி எடுக்கும்போது நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில்தான் கஷ்டம். மாமன் போகிற போட்டின் உரிமையாளர் மகன் என் வகுப்பு. அவனுக்கு அண்ணன் காலேஜில். வீட்டில் நெட் உண்டு. கேம் வந்த அன்றே வாங்கி, அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து முடித்துவிட்டார்கள். அவன் தினமும் என் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"பறயட்டா?"

நான் ஜெபத்தை ஆரம்பிப்பேன்.

சிஸ்டர் ஒரு நாள் கேட்டார்கள், இவள் ஏன் எப்போதும் ஜெபம் சொல்கிறாள் என்று. "அவளுக்கு பக்தி முத்திப்போச்சு சிஸ்டர்" என்றான் அவன். சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டினார்கள். வகுப்பு முழுவதும் என்னைப் போல இருக்க வேண்டும் என்றார்கள். அவன் சிரிப்பை அடக்கப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கரும்பலகையில் எழுதப் போகிறேன் என்று சாக்பீஸை எடுத்தான். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். நெற்றி புடைத்தது. அவன்தான் ஓடி வந்து தண்ணீர் தொட்டு வைத்தான். பயந்துபோயிருந்தான்.

"சரிட்டி. இனி பறயல்ல. மாதா சத்தியம்."

நான் புடைப்பைத் தடவிப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"நீ இங்க காதப் பொத்தி என்ன ஆவப்போவுது? உனக்க மாமனிட்ட எவனாவது பறஞ்சிருவான்."

"கடல்ல ஆரு இருக்கா?"

"ஆரு இருக்கான்னு கேக்கியா? எங்க சித்தப்பனுக்க போட்டு முந்தாநாளு போச்சு. எல்லாம் சின்னப் பயலுவ. போனுல முழு வீடியோவும் ஏத்திட்டுப் போயிருக்கானுவ. அங்கன வச்சுப் பாத்தா உனக்க மாமனிட்ட பறயாம விடுவானுவளா?"

எனக்கு நெற்றி வலி மறந்தது. மாமன் பயமில்லை என்று சொல்லிப் போனவர். ஒன்றும் தெரியாமல் அங்கே இருக்கிறார்.

அவன் வீட்டில் வயர்லஸ் உண்டு. முன்னறையில், ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும். போட்டில் இருப்பவர்களோடு பேச வேண்டும் என்றால் தெருவில் எல்லாரும் அங்கேதான் போவார்கள். சாயங்காலம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ரகசியம் ஒன்றும் பேச முடியாது. ஒருத்தி பேசினால் எல்லாப் போட்டிலும் கேட்கும். புருஷனிடம் கோபமாக இருந்தாலும் கடல் முழுக்கக் கேட்க வைத்துத்தான் கோபிக்க வேண்டும்.

தூரத்துப் போட்டுக்கு நேராக எட்டாது. கரைக்குப் பக்கத்தில் இருக்கிற போட்டில் கேட்டு, அடுத்த போட்டுக்குச் சொல்வார்கள். அவர்கள் அதற்கு அடுத்ததுக்கு. அப்படி வாய் மாறி வாய் மாறிப் போய்ச் சேரும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கெட்ட செய்தியை வயர்லஸில் சொல்லக் கூடாது. சாவு, சீக்கு, எதுவும். நடுக்கடலில் கேட்டு அவன் என்ன செய்வான்? திரும்பி வரவும் முடியாது. மனம் விட்டால் கை தளரும். கை தளர்ந்தவனை வலைக்கயிறு இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் தெருவில் ஒரு மாமனார் இறந்து, அடக்கம் முடிந்து, ஏழாம் நாள் பூசையும் முடிந்தது. அதுவரைக்கும் மருமகள் தினமும் வந்து வயர்லஸில், "மாமா சொகம், கஞ்சி குடிச்சாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு வாசலில் போய் அழுவாள். புருஷன் கரைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான் சொன்னார்கள்.

நான் போனபோது உரிமையாளர் வீட்டு மாமி சமையலில் இருந்தார்கள். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "என்ன மக்கா, மாமனிட்ட பேசணுமா? அமுக்கிட்டுப் பேசு, விட்டுட்டுக் கேளு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார்கள். மகன் பக்கத்தில் நின்று வயர்லஸில் சேனல் எண்ணைத் திருப்பி வைத்துக் கொடுத்தான்.

நான் அமுக்கினேன்.

"எனக்க மாமனுக்குப் பறயணும். அந்த கேம் வந்தாச்சு. அதப்பத்தி ஆரும் மாமனிட்ட ஒண்ணும் பறயாண்டாம். நாங்களும் வீட்டுல ஒண்ணும் பறயல்ல. மாமன் வந்த பெறவு பாத்துக்கலாம். ஓவர்."

கரகரவென்று இரைச்சல். பிறகு ஒரு ஆள் சிரித்தார். கரைக்குப் பக்கத்தில் கிடந்த போட்டு.

"சரி மக்கா. நாங்க வாயத் தெறக்கல்ல. ஆரு பிள்ள நீ?"

சொன்னேன். மாமன் பெயரையும் போட்டையும் சொன்னேன். அவர் அடுத்த போட்டைக் கூப்பிடுவது கேட்டது. அதற்கு மேல் இரைச்சல்தான். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். வழியில் ஒரு குச்சி ஐஸ் சாப்பிட்டேன். மாமனைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நினைப்பு.

மூன்று நான்கு நாள் போயிருக்கும். சனிக்கிழமை. வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தெரு முனையில் மாமன் வருகிறார்.

வர வேண்டிய நாள் இல்லை. கையில் பையும் இல்லை, மீனும் இல்லை. போட்டில் போடுகிற சட்டையோடு வந்தார். டீசல் வாடை. ஓடியும் வரவில்லை, நடந்தும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். என் தலையில் கையை வைத்தார். அப்படியே அமுக்கி வைத்துக்கொண்டார்.

"அம்மா எங்க?"

"பொறத்த. மீனு கழுவுது."

அவர் வீட்டுக்குள் போகவில்லை. பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போனார். நானும் பின்னால் போனேன். அம்மா சாளை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மாமன் செதிள் ஒட்டின அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான்?"

"அவிய நேத்தும் போனுல விளிச்சாவளே. ஏம்லே?"

"சொகமா?"

"சொகம்தான். என்னலே ஆச்சு? போட்டுக்கு ஏதாவது…"

"போட்டுக்கு ஒண்ணுமில்ல."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஒரு செம்பு தண்ணீரை முழுக்கக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். அதையும் குடித்தார். அம்மா ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"பிள்ள வயர்லஸ்ல பேசிச்சாம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினாள். "என்னத்தட்டி பேசின?"

பேசினதை அப்படியே ஒப்பித்தேன். ஓவர் உட்பட.

அம்மா முற்றம் பெருக்குகிற வாரியலை எடுத்தாள். அம்மா என்னை அடிக்கிற ஆள் இல்லை. அன்று அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. மாமன் எழுந்து வாரியலைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார். அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை. மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"விடு அக்கா. விடு. நான் கேமுக்குத்தான் வந்தேன்." என்னைப் பார்த்தார். "டிஸ்கு எங்க மக்கா?"

நான் நம்பினேன். அரிசி டப்பாவுக்கு ஓடினேன்.

நடந்தது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது. மாமனோடு அந்தப் போட்டில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். நான் பேசினது முதல் போட்டுக்கு முழுசாகப் போயிற்று. இரண்டாவது போட்டில் இருந்தவர் வயசானவர். கேம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். மூன்றாவது போட்டில் இன்னும் சுருங்கியது. மாமனுக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: "உனக்க வீட்டுலேருந்து பிள்ள பேசிச்சு. உன்கிட்ட ஆரும் ஒண்ணும் பறயாண்டாம்னு சொல்லிச்சு. நீ வந்த பெறவு பாத்துக்கலாமாம்."

கடலில் இருக்கிறவனுக்கு அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு.

மாமன் திருப்பிக் கேட்டிருக்கிறார், என்ன சங்கதி என்று. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். தெரியாதவனும் அதைத்தான் சொல்வான். தெரிந்து மறைக்கிறவனும் அதைத்தான் சொல்வான். கேள்வி வாய் மாறி வாய் மாறிக் கரை வரைக்கும் வந்தது. மாமி எடுத்தார்கள். வழக்கப்படி, "இங்க எல்லாரும் சொகம்" என்றார்கள். அது உண்மைதான். சாவு வீட்டில் இருந்தும் அதே சொல்தான் போகும். மாமனுக்கு அதோடு உறுதியாகிவிட்டது. அன்று முதல் போட்டில் யாரும் அவரிடம் சத்தமாகப் பேசவில்லையாம். அவருக்குக் கயிறு வேலை கொடுக்கவில்லையாம். கரைக்குத் திரும்புகிற ஒரு போட்டு அந்தப் பக்கம் வந்தபோது, அலையில் ஆடுகிற இரண்டு போட்டுக்கும் நடுவில் தாவி அதில் ஏறியிருக்கிறார். வந்து இறங்கும்வரை செத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இப்போது எனக்கும் கடலுக்குப் போகிற புருஷன் உண்டு. குளச்சலில் இருந்து எங்கள் ஊர் வரை பஸ்ஸில் மாமன் எப்படி உட்கார்ந்து வந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்க முடிகிறது. அன்று எனக்கு டிஸ்க் மட்டும்தான் கண்ணில் பட்டது.

அவரைக் குளிக்கக்கூட நான் விடவில்லை. டிஸ்கைப் போட்டேன். மாமன் பாயில் உட்கார்ந்தார். வலைநூல் சுற்றின ரிமோட் அவர் கையில். தாடிக்காரன் பனியில் எழுந்து நின்றான். நரையன் பக்கத்தில் இல்லை. தாடிக்காரன் நடந்தான். மாமன் அவனை ஒரு மரத்தில் கொண்டு போய் முட்டினார். மறுபடியும் முட்டினார். அவர் திரையைப் பார்க்கவில்லை. அடுக்களையில் அம்மா பாத்திரம் எடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தப் பக்கம்."

"ம்."

"மாமா, ஓநாயி."

"ம்."

ஓநாய் தாடிக்காரனைக் கடித்துக் கொன்றது. திரும்ப முதலில் இருந்து. மாமன் ரிமோட்டை என்னிடம் கொடுத்தார். "நீ ஓட்டு மக்கா. நான் பாக்கேன்." எனக்கு அது பெரிய விஷயம். அதுவரை சண்டைக்காட்சியில் என்னைத் தொட விட்டதில்லை. நான் ஓட்டினேன். அம்மா சோறு கொண்டு வந்து வைத்தாள். ஆறிப்போனது. நான் பாலத்தைத் தாண்டினேன், குகைக்குள் போனேன், வெளியே வந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

நரையன். ஒரு கால் நொண்டி. ஆனால் நரையன்தான். ஓடி வந்து தாடிக்காரன் மேல் விழுந்தது.

நான் கத்திக்கொண்டு திரும்பினேன். மாமன் சுவரில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமா, மாமா, நரையன்!"

திடுக்கிட்டு எழுந்தார். "ஆரு? ஆருக்கு என்ன?"

"நரையன் சாவல்ல மாமா. உயிரோட இருக்கு."

என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அங்கே நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"உயிரோட இருக்கா? பெறவென்ன" என்றார். பாயில் சரிந்து மறுபடியும் தூங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் காத்திருந்தோம். நெற்றி புடைக்க ஓடியிருக்கிறேன். கவரைக்கூடப் பார்க்கவில்லை. அவர் சட்டம் போட்டுவிட்டு, அவரே தூங்கிவிட்டார். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா ஒரு போர்வையை எடுத்து வந்து அவர் மேல் போட்டாள். என்னிடம், டிவி சத்தத்தைக் குறை என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய பேர். உரிமையாளர் மகன் எல்லாரிடமும் சொல்லிவிட்டான், கேம் விளையாட நடுக்கடலில் போட்டு மாறி வந்த ஆள் இவள் மாமன் என்று. என் மாமன் போல யாருக்கு மாமன் உண்டு என்று நானும் சொன்னேன். பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பிறகு மாமன் கொஞ்ச காலம் வீட்டிலேயே இருந்தார். நடுவில் போட்டை விட்டு இறங்கிப் போனவனை அடுத்த முறைக்கு அந்தப் போட்டில் சேர்க்கமாட்டார்கள். மற்றப் போட்டுக்காரர்களும் யோசிப்பார்கள். காலையில் போட்டு கேட்டுக் குளச்சலுக்குப் போவார், கிடைக்காமல் மத்தியானம் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் அவர் செருப்பு கிடக்கும். தூரத்தில் அதைக் கண்டதும் நான் ஓட ஆரம்பிப்பேன். அம்மாவும் சந்தைக்குப் போய்விட்டு அதே நேரத்தில்தான் வருவாள். அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவள் நடை மெதுவாகும். கூடை கனக்கிறது போல என்று நினைத்து, நான் முன்னால் ஓடுவேன்.